இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

எங்கள் வீடுகளில் மடிந்துபோகும் ஓர்க்கிட் செடிகளிற் பெரும்பாலானவை, நான் கண்ட அளவில், நோயினால் மடிவதில்லை, பராமரிப்பினால் மடிகின்றன. குப்பைக்கூடையருகே கைவிடப்பட்ட செடியோ, வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்திலிருந்து எடுத்துவரப்பட்ட செடியோ வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே மூன்று காரியங்கள் நடந்துவிடுகின்றன. வாளி நிறையத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. இருப்பதிலேயே பெரிய பூச்சாடி தேடி எடுக்கப்பட்டு, அதில் மண் நிரப்பப்பட்டுச் செடி நடப்படுகிறது. போதாக்குறைக்கு ஒரு பிடி பசளையும் போடப்படுகிறது. மூன்றும் அன்பினாற் செய்யப்படுபவையே. மூன்றும் சேர்ந்து அந்தச் செடியை ஒரு மாதத்துக்குள் கொன்றுவிடக்கூடியவை.

முதல் நாள் செய்யவேண்டியது வைத்தியம் அன்று, பரிசோதனை என்பதே எனது அபிப்பிராயம். இதைச் சொல்வதற்கு நான் தாவரவியல் படித்தவன் அல்லன், கலைப்பீடத்துப் பட்டதாரி. ஆனால் எதற்கு என்ன காரணம் என்று விசாரித்த பின்னரே எழுதவேண்டும் என்று முப்பது வருடங்களாகப் பழக்கப்பட்ட பத்திரிகைக்காரனுக்கு, விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினமான காரியம்.

ஸ்காபரோவிலிருந்து மருமகள் முறையான ஒருத்தி தொலைபேசியில் கேட்கிறாள்: "மாமா, இலையெல்லாம் சோர்ந்து போச்சு. தண்ணி கூட்டட்டே?" அதே வாரத்தில் மட்டக்களப்பிலிருந்து நண்பர் ஒருவர் கேட்கிறார், தண்ணீரைக் குறைக்கட்டுமா என்று. இரண்டு பேரும் விவரித்த அறிகுறி ஒன்றேதான். தடித்து விறைப்பாக இருக்கவேண்டிய இலை, துணிபோலத் துவண்டு, நெடுக்காகச் சுருக்கம் விழுந்து தொங்குகிறது. இரண்டு பேருக்கும் நான் சொன்ன மறுமொழியும் ஒன்றுதான்: வேரைப் பார்த்தீர்களா?

ஓர்க்கிட் விடயத்தில் மிகவும் அடிப்படையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இலை வாடியிருப்பதற்கு அர்த்தம் இலைக்கு நீர் போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே. ஏன் போய்ச் சேரவில்லை என்பதை இலை சொல்லாது. நீர் ஊற்றப்படாமல் இருந்திருக்கலாம். அல்லது அளவுக்கு அதிகமாக ஊற்றப்பட்டு, வேர்கள் அழுகி, உறிஞ்சுவதற்கு எதுவும் மிஞ்சாமற் போயிருக்கலாம். முதலாவது செடி தாகத்தால் வாடுகிறது. இரண்டாவது செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தால் வாடுகிறது. பட்டினி கிடந்தவனுக்கும் வயிற்றோட்டக்காரனுக்கும் முகம் ஒன்றுபோலத்தான் சோர்ந்திருக்கும்; இருவருக்கும் ஒரே சாப்பாட்டைப் போட முடியாது. வாடிய இலையைக் கண்டு நீரைக் கூட்டுகிறவர், இரண்டாவது வகைச் செடியின் எஞ்சிய வேர்களையும் அழுகச் செய்கிறார். இலை மேலும் வாடுகிறது. அவர் மேலும் ஊற்றுகிறார்.

ஆகவே வேர். ஓர்க்கிட்டின் வேர் மற்றைய செடிகளின் வேரைப் போன்றதன்று. நாம் வீடுகளில் வளர்க்கும் ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை இயல்பில் மரங்களிற் பற்றி வாழ்பவை. அவற்றின் வேர்கள் மண்ணையே அறியாதவை. மரப்பட்டையோடு ஒட்டியோ காற்றில் தொங்கியோ வாழ்பவை. அந்த வேரைச் சுற்றி, பஞ்சு போன்ற இறந்த கலங்களாலான ஓர் உறை இருக்கிறது. வெலமென் என்று அதனை அழைப்பார்கள். மழை பெய்தவுடன் அந்த உறை நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளியைப் போன்ற சாம்பல் வெள்ளை. நனைந்தவுடன் ஒளி ஊடுருவக்கூடியதாகி, உள்ளேயுள்ள பச்சையைக் காட்டுகிறது. ஒரு துளி நீரை வேர்மீது விட்டுப் பார்த்தால் சில விநாடிகளிலேயே அந்த நிறமாற்றத்தைக் காணலாம். மழை நனைக்கும், காற்று உலர்த்தும், மறுபடி மழை நனைக்கும்: இந்தத் தாளத்துக்கு அமைந்த உறுப்பு அது. எப்போதும் ஈரமான, காற்றுப் புகாத இடத்தில் அதனை அடைத்துவைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடுகிறது.

பரிசோதனை எளிமையானது. செடியைச் சாடியிலிருந்து வெளியே எடுத்து, பழைய ஊடகத்தை உதிர்த்து, வேர்களைக் கழுவி, ஒவ்வொன்றாக விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். உறுதியாக இருந்தால் அது உயிருள்ள வேர். நசிந்து நீர் கசிந்தாலோ, இழுத்தபோது மேலுறை கழன்று உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினாலோ அது இறந்த வேர், ஈரத்தால் இறந்தது. உள்ளே வெறுமையாகி, உலர்ந்த கடதாசியைப் போல நொறுங்கினால் அதுவும் இறந்ததுதான். பெரும்பாலும் வறட்சியாலோ உப்பினாலோ இறந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. நிறத்தை நம்பக்கூடாது. ஊடகத்துக்குள் ஒளி படாமல் வளர்ந்த வேர் மஞ்சளாகவோ தவிட்டு நிறமாகவோ இருக்கும். ஆனால் உறுதியாக இருக்கும். "பச்சையாக இல்லையே" என்று அதனை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. நோயாளியின் நல்ல காலை வெட்டியெடுத்த கதைதான் அது.

கடையில் விற்கப்படும் ஓர்க்கிட்டுகளுள் இன்று உலகெங்கும் முன்னணியில் நிற்பது பலனொப்சிஸ். அகன்ற இலைகளும், வளைந்த நீண்ட தண்டில் வண்ணத்துப்பூச்சிகளை வரிசையாக இருத்தியது போன்ற பூக்களும் கொண்டது. நெதர்லாந்திலும் தாய்வானிலும் பெருந்தொழிலாக உற்பத்தி செய்யப்படுகிறது. ரொறன்ரோவின் பேரங்காடிகளிலும் லண்டனின் மூலைக்கடைகளிலும் எம்மவர்கள் வாங்குவதும், கொழும்பில் பிறந்தநாட்களுக்கும் கடைத்திறப்புகளுக்கும் கைமாறுவதும் பெரும்பாலும் இதுதான். இரண்டு மூன்று மாதங்கள் பூத்திருந்துவிட்டுப் பூ உதிர்ந்ததும் பலர் செடி செத்துவிட்டதென்று எண்ணி வீசிவிடுகிறார்கள். பூவாடுதல் மரணம் அன்று. பல ஆண்டுகள் வாழக்கூடிய செடியை ஒரு பூங்கொத்தின் ஆயுளோடு முடித்துவிடுகிற இந்தப் பழக்கம் எனக்கு உவப்பானதன்று. மாடிக்குடியிருப்புகளின் குப்பை சேரும் இடங்களில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் ஓர்க்கிட்டுகளிற் கணிசமானவை இப்படி வந்தவைதான்.

இவ்வகைச் செடியைச் சோதிக்கும்போது அதன் வேர்த்தொகுதியின் நடுப்பகுதியைக் கட்டாயம் பார்க்கவேண்டும். நாற்றுப்பருவத்திற் செடியை ஊன்றியபோது வைத்த பாசிக்கட்டி ஒன்று பலவேளைகளில் அங்கே இறுகிப்போய் இருக்கும். ஸ்பக்னம் என்னும் அந்தப் பாசி தன் எடையைப் போலப் பலமடங்கு நீரைத் தேக்கக்கூடியது. மேலேயுள்ள மரப்பட்டைத் துண்டுகள் உலர்ந்து கிடக்க, நடுவே அது ஈரமாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி மூழ்குகிறது. அத்தோடு, அடியில் துளையில்லாத அலங்காரச் சாடி, அதனைச் சுற்றிப் பளபளக்கும் தாள். அழுகுவதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தும் விற்பனையின்போதே செய்து தரப்படுகின்றன என்று சொன்னால் மிகையாகாது.

வட அமெரிக்காவில் விற்கப்படும் சில செடிகளின் அட்டையில், வாரமொருமுறை மூன்று பனிக்கட்டிகளை வைத்தாற் போதும் என்று எழுதியிருக்கிறது. வெப்பவலயத்துச் செடிக்குப் பனிக்கட்டியா என்று நகைக்கத் தோன்றும். மரப்பட்டையில் வளர்க்கப்பட்ட பலனொப்சிஸ் செடிகளில் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து, பூக்களின் ஆயுள் அதனாற் குறையவில்லையென்று 2017 இல் அறிவித்தார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: அந்த யோசனையின் மகிமை குளிரில் இல்லை, அளவில் இருக்கிறது. வாளியோடு நிற்கிறவரின் கையை அது கட்டிப்போடுகிறது.

சரி, வேர் அழுகியிருக்கிறது என்று கண்டாயிற்று. பின்னர் என்ன? கத்தரிக்கோலின் அலகைத் தீயிற் காட்டி, ஆறவிட்டு, அழுகிய வேர்களை நல்ல பகுதி வரும்வரை வெட்டவேண்டும். வெட்டுவாயில் கறுவாத்தூளை மெல்லத் தடவுவது வழக்கம். பூஞ்சணத்தைத் தடுக்கும் இயல்பு அதற்கு உண்டு. கறுவா விளையும் நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்பதற்காக அதனை அள்ளித் தூவும்படி சொல்லமாட்டேன். அது உலர்த்தும் தன்மையுடையது; நல்ல வேர்மீது பட்டால் அதனையும் காயவைத்துவிடும். வெட்டுக்காயங்கள் ஒரு நாள் நிழலில் ஆறட்டும். அதன்பின் சாடி. எஞ்சிய வேர்கள் மட்டுமட்டாக அடங்கக்கூடிய சிறிய சாடியே போதும். ஊடகமாகச் சிரட்டைக்கரித் துண்டுகள், உடைந்த ஓட்டுத் துண்டுகள், தேங்காய்ப் பொச்சுத் துண்டுகள் ஆகியவை எங்கள் நாட்டில் எளிதாகக் கிடைப்பவை. மண் கூடவே கூடாது. பொச்சில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாட்கள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக் கழுவிய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

வேர்கள் முழுவதும் போய்விட்ட செடிக்கு வேறு உபாயம் உண்டு. நீரைக் கீழிருந்து கொடுக்க முடியாதபோது, மேலிருந்து இழக்கப்படுவதைத் தடுக்கலாம். சற்றே ஈரமான பாசியின் மீது செடியை இருத்தி, ஒளி ஊடுருவும் பொலித்தீன் பையால் தளர்வாக மூடி, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைப்பது வழக்கம். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றோட்டம் கொடுக்கவேண்டும். இலைகளின் நடுவே குருத்திருக்கும் குழியில் மட்டும் நீர் தேங்கக்கூடாது. தேங்கினால் குருத்தே அழுகும், அதன்பின் பலனொப்சிஸ் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மரத்தில் வளரும்போது அது சாய்ந்து தொங்கிய நிலையில் இருப்பதால் மழைநீர் தானாக வடிந்துவிடுகிறது. சாடியில் நிமிர்த்தி வைத்தவர்கள் நாங்கள். இன்னொரு விடயம். இச்செடி அன்னாசியையும் கற்றாழையையும் போலத் தன் இலைவாய்களை இரவில் திறந்து, பகலில் மூடிக்கொள்வது. இரவிலே வறண்ட காற்று வீசும் குளிரூட்டி அறை அதற்கு ஏற்ற மருத்துவமனை அன்று.

பசளையைப் பற்றி இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன். உறிஞ்ச வேரில்லாத செடிக்குப் பசளை உப்பாகவே மிஞ்சும். இருக்கிற நுனியையும் கருக்கும். புதிய வேர்நுனி ஒன்று பச்சையாகவோ செம்மை கலந்தோ எட்டிப் பார்த்த பின்னரே, போத்தலிற் குறித்த அளவில் காற்பங்கு போதும். 2021 ஆம் ஆண்டு இந்த நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு முடிவதற்குள் அம்முடிவு கைவிடப்பட்டதும், அதற்கிடையில் நெல் விவசாயி பட்ட பாடும் வாசகர்கள் அறிந்தவையே. அளவுக்கு மிஞ்சிப் போட்டதும் மண்ணைப் பார்க்காமற் செய்த காரியம். ஒரேயடியாக நிறுத்தியதும் மண்ணைப் பார்க்காமற் செய்த காரியம். பூச்செடியைப் பற்றி எழுதும்போது இதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு சொல். குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கற் பாறையிலிருந்து வருவது. கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே படிவுதான் ஓர்க்கிட்டின் இலையிலும் சட்டியின் வெளிப்புறத்திலும் வெண்மையாகப் பூக்கிறது, வேர்நுனியிலும் படிகிறது. இலை நுனி கருகியிருக்க, வேர்நுனியும் கறுத்து நின்றுபோயிருந்தால் முதலிற் சந்தேகிக்கவேண்டியது இந்த உப்பை. மருந்தும் எங்கள் முற்றத்திலேயே விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பீலியால் வழிந்தோடும் மழைநீரைத் தொட்டியிற் சேமித்து வைத்தால் ஒன்றிரண்டு செடிகளுக்குப் பங்குனி வரைக்கும் போதும். கொழும்பில் களனி ஆற்றிலிருந்து சுத்திகரித்து வரும் நீரில் இந்தத் தொல்லை குறைவு.

இனி, மரத்தோடு வீழ்ந்த செடிகளுக்கு வருவோம். உண்மையில் நான் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. ஈரவலயத்துக் காடுகளுக்கே இந்தப் பெருமை முழுவதும் உரியதென்று எண்ணவேண்டாம். உலர்வலயத்து மரங்களிலும் வண்டா தெசலாற்றா என்ற இனம் உண்டு. மஞ்சளும் தவிட்டு நிறமும் கலந்த கட்டம் போட்ட இதழ்கள், நடுவே நீலமோ ஊதாவோ தீட்டிய ஓர் உதடு, நல்ல வாசனை. ஆனால் அதனைக் கண்டால் எம்மவர் பலர் கத்தியை எடுக்கிறார்கள். காரணம் குருவிச்சை. மாமரத்தில் முளைத்து, கிளையின் தசைக்குள் வேரை இறக்கி, அதன் சாற்றை உறிஞ்சும் குருவிச்சையை வெட்டித் தள்ளுவது நியாயம். ஓர்க்கிட் மரத்திடமிருந்து எதையும் எடுப்பதில்லை. அது மேலொட்டி, நிற்பதற்கு இடம் மாத்திரம் கேட்பது. மழையும் காற்றும் பட்டையில் சேரும் தூசியும் அதற்கு உணவு. வேடிக்கை என்னவென்றால், வண்டா என்ற அறிவியற் பெயரே சமஸ்கிருதத்தில் ஒட்டுண்ணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து போனது. அந்தத் தப்பபிப்பிராயம் மிகப் பழையது என்பதற்கு அப்பெயரே சாட்சி.

வவுனியாவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவர், வீதி அகலிப்புக்காகச் சாய்க்கப்பட்ட புளியமரத்திலிருந்து இச்செடியொன்றை எடுத்துவந்தார். மரம் விழுந்த வேகத்தில் தண்டின் அடிப்பாகம் நசிந்திருந்தது. வேர்கள் பட்டையிலிருந்து பிய்ந்து தொங்கின. கீழ் இலைகள் உதிர்ந்து, அடியில் ஒரு சாண் அளவுக்குக் கறுத்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றும்படி அயலவர் ஒருவர் சொன்னார். தொட்டியில் மண் போட்டு நடும்படி இன்னொருவர் சொன்னார். நண்பர் இரண்டையும் செய்யவில்லை. கறுத்த தண்டைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்து, வெட்டுமுகத்தில் தவிட்டுக் கறை முற்றாக மறைந்து வெளிர்பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்தினார். மிஞ்சியது ஏழு இலைகளும் இரண்டு நல்ல வேர்களும். அதனை ஒரு வாரம் விறாந்தையின் நிழலில் தொங்கவிட்டு, காலையில் மட்டும் நீர் தெளித்தார். பின்னர் முற்றத்து மாமரத்தின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் படக்கூடிய உயரத்தில், பழைய பருத்திச் சீலைக் கிழிசலால் கட்டிவைத்தார். அது புரட்டாதி மாதக் கடைசி. ஐப்பசி மழை தொடங்கியதும் மீதிப் பணிவிடையை வானமே பார்த்துக்கொண்டது. இரண்டாவது மாதத்தில் இலைக்கக்கத்திலிருந்து ஒரு புதிய வேர் கிளம்பி, பட்டையை நோக்கி வளைந்தது.

அவர் செய்தவற்றுள் இரண்டு விடயங்கள் முக்கியமானவை என்று கருதுகிறேன். ஒன்று, பழைய இலைகளின் சுருக்கத்தை வைத்து அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. ஒருமுறை ஆழமாகச் சுருங்கிய இலை செடி தேறிய பின்னரும் சுருக்கத்தோடே இருக்கக்கூடும். தேறுகிறதா என்பதைப் புதிய வேரும் புதிய இலையும் மட்டுமே சொல்லும். மற்றது, பிய்ந்த பழைய வேர்கள் மரத்தில் மறுபடி ஒட்டுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பற்றிக்கொள்வது புதிய வேரே. அதுவரைக்கும் கட்டு அசையக்கூடாது. ஒவ்வொரு காற்றுக்கும் ஆடுகிற செடியின் மெல்லிய வேர்நுனி பட்டையில் உராய்ந்து நின்றுபோகும். வீழ்ந்த மரத்திலிருந்து செடியை எடுக்கும்போதே பிய்த்தெடுக்காமல், அது பற்றியிருக்கும் பட்டையையோ கிளைத்துண்டையோ சேர்த்து வெட்டி எடுத்தால் இத்தனை சிரமமும் பாதியாகிவிடும். மரம் அறுப்பவரிடம் ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்துக் கேட்டால் அவர் மறுப்பதில்லை.

இந்த ஒரு செடிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஓர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. முளைக்கு வேண்டிய உணவுச்சேமிப்பு அதனுள் இல்லை. குறித்த பூஞ்சணம் ஒன்று உள்ளே புகுந்து ஊட்டினாலன்றி இயற்கையில் அது முளைக்காது. பிரெஞ்சு அறிஞர் நோயல் பேர்னார் 1899 இல் இதனைக் கண்டறிந்தார். பூஞ்சணமின்றி, சீனி கலந்த ஊடகத்திலே கண்ணாடிக் குடுவைக்குள் விதைகளை முளைக்கச் செய்யலாம் என்று அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922 இல் காட்டினார். இன்றைய ஓர்க்கிட் வணிகம் முழுவதும் எழுந்தது அந்தக் குடுவையிலிருந்துதான். குடுவையிலும் விதை பூவாக ஆண்டுகள் பல செல்லும். காட்டில், மரக்கிளையில், தகுந்த பூஞ்சணத்தைத் தற்செயலாகச் சந்தித்து முளைத்து, வறட்சிகளைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு இலைகளோடு நிற்கிற செடிக்குப் பின்னால் எத்தனை தோல்வியுற்ற விதைகள் இருக்கும்! மரம் தறிப்பதற்கு முன்னர் அதன் சுற்றளவை அளக்கிறார்கள், இலக்கமிடுகிறார்கள், பலகையின் பெறுமதியைக் கணக்கிடுகிறார்கள். அதன்மீது என்ன வாழ்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. தறிப்பதற்கான அனுமதிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாற் போதுமானது: மேலொட்டிகள் உளவா, உளவாயின் அருகிலுள்ள பாடசாலைக்கோ தாவரவியற் பூங்காவுக்கோ அறிவிக்கப்பட்டதா. வீதி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அரைநாள் வேலையைத்தான் கேட்கிறேன்.

ஆனால் மீட்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு வேறொரு வியாபாரமும் நடக்கிறது. காட்டோரத்துப் பாதைகளில் தும்புக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு விற்கப்படும் ஓர்க்கிட்டுகளைக் கண்டு, "பாவம், காய்ந்து சாகிறதே, வாங்கிப் பிழைக்கவைப்போம்" என்று வாங்கிவருகிற நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். அந்தச் செடி பிழைக்கலாம். கொடுத்த பணத்துக்கு அடுத்த வாரம் இன்னும் பத்துச் செடிகள் காட்டிலிருந்து இறங்கும். வெசாக் காலத்தில் ஊதாவாகப் பூப்பதால் வெசாக் மல் என்று சிங்கள மக்கள் அழைக்கும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில் அருகிப்போனதற்குக் காடழிப்போடு இந்த அழகு மோகமும் காரணம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டம் இருக்கிறது, செடிதான் இல்லை. எனது அளவுகோல் எளிமையானது. மரம் நிற்கிறதா? அப்படியானால் கைவைக்காதீர்கள். மரம் விழுந்துவிட்டதா? அப்படியானால் தாமதிக்காதீர்கள். விற்பனைக்கு வந்துவிட்டதா? விலை கேட்பதும் வேண்டாம்.

மீட்கக்கூடாத செடிகளும் உண்டு. இலையில் ஒழுங்கற்ற மஞ்சட் கோடுகளும், குழிந்து கறுத்த வரிகளும், புதிதாக வரும் ஒவ்வோர் இலையிலும் தொடர்ந்து தோன்றினால் வைரசைச் சந்தேகிக்கவேண்டும். சிம்பிடியம் மொசைக் வைரசு உலகெங்கும் ஓர்க்கிட் தோட்டங்களிற் பரவியுள்ள ஒன்று. அதற்கு மருந்து கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தியால் மற்றதை வெட்டினால் அதுவே போய்ச் சேரும். கத்தியைத் தீயிற் காட்டச் சொன்னது சடங்குக்காக அன்று. இத்தகைய செடியை எரித்துவிடுவதே முறை. "பூத்துக்கொண்டுதானே இருக்கிறது" என்று அதனை மற்றச் செடிகளின் நடுவே வைத்திருப்பவரின் இரக்கம், பக்கத்துச் செடிகளுக்குக் கொடுமை. மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் அவ்வளவு பயங்கரமானவை அல்ல. எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டால் இலைக்கக்கத்தைப் பாருங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்து, வாரமொருமுறை திரும்பச் செய்தாற் போதும். புதிதாக வந்த எந்தச் செடியையும் ஒரு மாதமாவது தனியே வைத்திருப்பது நல்லது. தனிமைப்படுத்தல் என்றால் என்னவென்று 2020 இல் நாங்களே அனுபவித்துவிட்டோம்.

பூக்கவில்லையே என்ற கவலை இன்னொன்று. தேறிய பலனொப்சிஸ் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கொழுத்த இலைகளோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும், பூக்காது. இது நோயன்று. பூந்தண்டு விடுவதற்கு அதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். 28 பாகை செல்சியசுக்கு மேல் இடைவிடாத வெப்பத்தில் அது இலையை மட்டுமே வளர்க்கும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களுக்கு இந்த விடயத்தில் எங்களைவிட வசதி அதிகம். புரட்டாதி, ஐப்பசியில் யன்னலோரம் இரவில் சற்றுக் குளிரும்போது செடியை அங்கேயே விட்டுவைத்தால், அந்த மெல்லிய குளிரே பூந்தண்டை எழுப்பும். உறைபனிக் கண்ணாடியில் இலை தொடாமலும், வெப்பமூட்டியின் வறண்ட காற்று நேரே படாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். இங்கே சமவெளியில் இருப்பவர்கள் பூவை விரும்பினால், வெப்பத்தில் தயங்காமற் பூக்கும் கலப்பின டென்ட்ரோபியங்களை வளர்க்கலாம்.

விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களிற் சிலர், பிறந்த வீட்டு மரத்தில் இருக்கும் ஓர்க்கிட்டில் ஒரு துண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. முடியாது. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அட்டவணைகளுக்குள் அடங்குகிறது. இலங்கை 1979 இல் அதில் இணைந்தது. அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடக்கும் செடி விமான நிலையத்திலேயே பறிமுதலாகும். அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணை இனங்களில், ஆய்வுகூடத்திலே மூடிய குடுவைக்குள் வளர்த்த நாற்றுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் உள்நாட்டுச் சட்டமும், போய்ச் சேரும் நாட்டின் தாவரத் தொற்றுத்தடைச் சான்றிதழும் தனியே இருக்கின்றன. ஆகவே செடி மரத்திலேயே இருக்கட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், அது குருவிச்சை அல்ல, வெட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.